பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் நடுவில்

நாகர்கோவில்,
வியாழன் இரவு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்; அது தவறு, மனத்தில் வைத்துக்கொள்ளாதே. எஃப்.எம். நிலையத்தில் உன்னைப் பிராங்க் கால் (வேறு ஆள் போலப் பேசி ஏமாற்றும் தொலைபேசி விளையாட்டு) நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளராக மாற்றியிருக்கிறார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொன்னபோது, அப்படியொரு வானொலி அழைப்பில் ஏமாந்து, சில நாளில், 2012 டிசம்பரில் லண்டனில் இறந்துபோன அந்த நர்ஸ் சிஸ்டரின் முகம்தான் எனக்குக் கண்முன் வந்தது. "ஃபோன் பண்ணின ரெண்டு பேரையும் ஜெயில்ல போட்டிருக்கணும்" என்று நான் சொன்னேன். "பாவம்மா அவங்க, இப்படி ஆகும்னு அவங்களுக்கு என்ன தெரியும்" என்று நீ சொன்னாய். படுத்தும் தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்ததில், நான் பாதியைச் சொன்னேன், நீயும் பாதியைத்தான் சொன்னாய் என்று தோன்றியது. நேரில் பேசினால் மறுபடியும் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை நீ அந்த அறிவிப்பாளர்களின் பக்கத்திலிருந்து பார்க்கிறாய். ஒரு முறை வார்டுப் பக்கத்திலிருந்தும் பார். டிசம்பர் 4, லண்டனில் விடிகாலை ஐந்தரை மணி. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவமனையில், இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மசக்கை வாந்தி கடுமையாகி முந்தின நாள்தான் சேர்க்கப்பட்டிருந்தார். அந்த நேரத்தில் வரவேற்பில் ஆள் இல்லாததால் இரவுப் பணியில் இருந்த அந்த சிஸ்டரே தொலைபேசியை எடுக்கிறார். மறுமுனையில் பேசும் பெண் குரல் தன்னை ராணி என்று காட்டிக்கொண்டு, பேத்தி முறையாகும் பெண்ணிடம் பேச வேண்டும் என்கிறது. அவர் சில வார்த்தைகள் மட்டும் பேசி, அழைப்பை வார்டுக்கு மாற்றிவிடுகிறார். அவர் செய்தது அவ்வளவுதான். நோயாளியின் நிலையை விவரமாகச் சொன்னது அங்கே எடுத்த இன்னொரு நர்ஸ். ராணியாகவும் இளவரசர் சார்லஸாகவும் நடித்தவர்கள் சிட்னியின் 2டே எஃப்.எம். அறிவிப்பாளர்களான மெல் கிரெய்கும் மைக்கேல் கிறிஸ்டியனும். கூட இருந்தவர்கள் அரண்மனை நாய்களைப் போலக் குரைத்தார்கள். உச்சரிப்பைக் கேட்ட உடனே தொலைபேசியை வைத்துவிடுவார்கள், அதுவே வேடிக்கையாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன்.

இரவுப் பணியின் ஐந்தரை மணி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. டெம்பரேச்சர் பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும், காலை ஊசிகளை எடுத்து வைக்க வேண்டும், டூட்டி ஒப்படைப்பதற்கு ரிப்போர்ட் புத்தகம் எழுத வேண்டும், கண்ணோ எரியும். அந்த நேரத்தில் பெரிய இடத்துக் குரல் ஒன்று கேட்டால், அது உண்மையா பொய்யா என்று ஆராய நமக்குத் தோன்றுவதில்லை. "எஸ் மேடம்" என்று சொல்லிப் பழகிய வாய் அது.

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. 1987இல், நான் நர்ஸாகப் பணியில் சேர்ந்த புதிதில், ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) இரண்டு பேர் நள்ளிரவுக்கு மேல் வார்டுக்கு ஃபோன் செய்து, ஆர்.எம்.ஓ. (மருத்துவமனையின் உறைவிட மருத்துவ அதிகாரி) குரலில், வார்டில் உள்ள தெர்மாமீட்டர்களை எண்ணிக் காலையில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அதட்டினார்கள். ஸ்பிரிட் ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துணியின் மேல் வரிசையாக வைத்தேன். 12 இருக்க வேண்டும், 11தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். பொழுது விடிந்ததும் எதிரில் இருந்த மருந்துக் கடைக்காரரை எழுப்பி, என் கைக்காசில் ஒன்று வாங்கி ஜாடியில் போட்டேன். கேன்டீனில் எல்லோரும் சிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேலி செய்வார்கள் என்ற பயத்தில் வந்த சிரிப்பு அது. அதற்குப் பிறகு ரொம்ப நாள், வார்டில் தொலைபேசி மணி அடித்தால் என் கை சற்றுத் தயங்கித்தான் நீளும். எனக்கு நேர்ந்ததை ஒரு வார்டு மட்டுமே கேட்டது. அந்த சிஸ்டரின் குரலை உலகமே கேட்டது.

ஒலிபரப்பானதும் என்ன நடந்தது என்பதை மறந்துவிடாதே. முதல் இரண்டு நாளும் ஊரே சிரித்தது. நிலையம் அதைத் தன் சாதனையாகச் சொல்லிப் பெருமைப்பட்டது. நாடு நாடாகச் செய்தியில் அந்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். டிசம்பர் 6 அன்று நிருபர்களைப் பார்த்த இளவரசர் சார்லஸே, தானும் ஒரு வானொலி நிலையமாக இருக்கலாமே என்ற பொருளில் வேடிக்கையாகப் பேசினார். மறுநாள், டிசம்பர் 7 காலை, மருத்துவமனைக்கு அருகே நர்ஸ்கள் தங்கும் இடத்தில் அந்த சிஸ்டர் இறந்து கிடந்தார். வயது 46. கணவரும் ஒரு மகனும் ஒரு மகளும் பிரிஸ்டல் நகரில் இருந்தார்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை. வேண்டிய மட்டும் அச்சிட்டுவிட்டார்கள்.

அன்று முதல், சிரித்த அதே வாய்கள் சபிக்கத் தொடங்கின. கிரெய்குக்கும் கிறிஸ்டியனுக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர்கள் கையில் ரத்தக் கறை என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். முந்தின நாள் அந்த ஒலிப்பதிவை நண்பனுக்கு அனுப்பிச் சிரித்தவன் மறுநாள் நீதிபதி ஆகிவிட்டான். அவனுடைய சிரிப்பும் சேர்ந்துதானே அந்த சிஸ்டரை உலகத்தின் முன் தலைகுனிய வைத்தது? அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், நேற்று ஜெயில் என்று நான் கத்தியதும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டுதான். ஒரு மனுஷி உயிரை விட்டதற்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது என்பதை, விஷம் குடித்து வந்தவர்களின் கட்டிலருகே எத்தனையோ இரவு நின்ற எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

சில நாளில் காற்று திசை மாறியது. டிசம்பர் 10 அன்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் அந்த இருவரும் அழுதார்கள். இறப்புச் செய்தி வந்ததும், அவர் ஒரு தாயா என்பதைத்தான் முதலில் கேட்டதாக கிரெய்க் சொன்னார். அதைப் பார்த்த பலர், நீ நேற்றுச் சொன்ன "பாவம்" என்ற சொல்லைச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் அழுகை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்மீது எனக்கும் இரக்கம் உண்டு. அவர் அந்த நிலையத்தின் ஒலிவாங்கி முன்னால் திரும்பி வரவே இல்லை. ஆனால் "அவர்களுக்கு என்ன தெரியும்" என்று நீ சொல்லும்போது, கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஏனென்றால், அது நேரலை கிடையாது. நான் சொல்ல வந்ததே இதுதான், மகனே. பதிவு செய்தார்கள், நிலையத்தின் சட்டப் பிரிவு கேட்டது, ஒப்புதல் கிடைத்த பிறகு ஒலிபரப்பினார்கள். மருத்துவமனையை ஐந்து முறை தொடர்புகொள்ள முயன்றோம் என்று நிலையத்தை நடத்திய நிறுவனம் சொல்லிக்கொண்டது. ஐந்து முறை முயன்றும் சம்மதம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிவைப் போடக் கூடாது என்பது எனக்கே புரிகிறது. இத்தனை படித்தவர்கள் இருந்த இடத்தில் ஒருவருக்குமா புரியவில்லை? ராணி வேஷம் போட்ட சில நிமிடத்தில் அந்த இருவருக்கும் எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். அதன் பின் மேஜையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, அந்த நர்ஸின் குரல் இருக்கிறது, அவர் நம்பிவிட்டார், அவரிடம் கேட்கவில்லை என்பதெல்லாம் தெரியும். திட்டிய கூட்டமும் இரக்கப்பட்ட கூட்டமும் முகம் தெரிந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த மேஜைக்காரர்கள் பேர் தெரியாமலே போய்விட்டார்கள். இப்போது உனக்குக் கொடுத்திருப்பது அந்த மேஜை. நிகழ்ச்சியில் உன் பெயர் வராது, ஏதாவது ஆனால் திட்டு முழுவதும் ஒலிவாங்கியில் பேசும் ஆர்.ஜே.வுக்குத்தான் போகும். அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரிட்டனில் வழக்குத் தொடரப்போவதில்லை என்று 2013 பிப்ரவரியில் முடிவானது. நிறுவனம் குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை அந்தக் குடும்பத்துக்கான நிதிக்குத் தருவதாக அறிவித்தது. அதே 2013இல், அந்த வானொலிக் குழுமம் தன் அறிவிப்பாளர்களுக்கு நடத்திய போட்டியில் கிறிஸ்டியனுக்குப் பரிசும் கொடுத்தது; அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நிலையம் சட்டத்தை மீறியதா என்று முடிவு செய்ய ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2015 மார்ச் வந்துவிட்டது. திட்டியவர்களும் பாவம் பார்த்தவர்களும் அதற்குள் வேறு செய்திக்குப் போயிருந்தார்கள்.

போகாதவர்கள் அந்தக் குடும்பத்தார். உடலைப் பெட்டியில் வைத்து, கர்நாடகத்தின் உடுப்பி மாவட்டத்து ஷிர்வாவுக்குக் கொண்டுவந்து, 2012 டிசம்பர் 17 அன்று அடக்கம் செய்தார்கள். நம் ஊர் மாதிரிதான் அந்தக் கரையும். வீட்டுக்கொரு பெண் நர்ஸாகி வெளிநாடு போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் ஊர்கள். கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது அந்தப் பிள்ளைகள் தாயைக் குழியில் இறக்கினார்கள்.

2014 செப்டம்பரில் லண்டனில் மரண விசாரணை நடந்தபோது, மெல் கிரெய்க் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே போய், நீதிமன்றத்தில் அந்தக் குடும்பத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். தொலைக்காட்சியில் அழுதது வேறு, இது வேறு. தாயை இழந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். ஜெயில் என்று சொன்ன வார்த்தையை, அவர் விஷயத்தில், நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடுவதற்கு ஒரு பதிவு தயாராக இருக்கிறது என்றாய். நகைக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம், முதலாளியின் தம்பி போலப் பேசி, கணக்கில் ஒரு ஜோடிக் கம்மல் குறைகிறது, நீதான் எடுத்திருக்கிறாய் என்று மிரட்டியிருக்கிறீர்கள். அவள் அழுதிருக்கிறாள். கடைசியில் இது பிராங்க் கால் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள், அது சம்மதம் மாதிரிதானே என்று நீ என்னிடம் கேட்டாய். அந்தக் கேள்வியில்தான் நான் ஃபோனை வைத்தேன். கேன்டீனில் நான் சிரித்த சிரிப்பை மேலே எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை படி. திருட்டுப் பட்டம் கட்டிய நாலு நிமிடத்தை ஊர் முழுக்கக் கேட்டால், மறுநாள் அவள் அந்தக் கடையின் கல்லாப் பக்கம் எப்படிப் போய் நிற்பாள்? அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களா, வீட்டில் அப்பா எப்படிப்பட்டவர், ஏற்கெனவே என்ன பாரத்தைச் சுமந்துகொண்டு வேலைக்கு வருகிறாள், இதில் ஒன்றாவது உனக்குத் தெரியுமா?

வரும் புதன்கிழமைக்குள் அவளை நீயே கூப்பிடு, ஆர்.ஜே.யைக் கூப்பிடச் சொல்லாதே. பதிவு முழுவதையும் அவளுக்குப் போட்டுக் காட்டு. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று இரண்டு நாள் அவகாசம் கொடு. வேண்டாம் என்று சொன்னாலோ, பதில் வராவிட்டாலோ, அழித்துவிடு. மேலே இருப்பவர்கள் கோபித்துக்கொண்டால் வேலையை விட்டுவிட்டு வா. மாடி அறை பூட்டித்தான் கிடக்கிறது, உன் பங்குச் சோறு இங்கே எப்போதும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுவேன். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா