அக்காவுக்கு, அந்த முயல் காதைப் பற்றி

அக்கா,

போன வாரம் நம் குழந்தைகள் வகுப்பின் சுவரில் ஒட்டியிருந்த காகித மாதிரிகளை எல்லாம் கழற்றிவிட்டேன். முயல், ஆந்தை, பட்டாம்பூச்சி, உனக்குப் பிடிக்காத அந்தச் சிங்கம், எல்லாம்.

நீ என்னோடு சொல்லிக்கொடுக்க வகுப்புக்கு வருவதை நிறுத்தி நாளையோடு இரண்டு வருடம். ஏன் நிறுத்தினாய் என்பதை முழுதாக இங்கே எழுத முடியாது, பெற்றோர்களும் படிக்கிறார்கள். அந்தப் பையனின் பெயரையும் சொல்ல மாட்டேன். நாலு வயது, அது போதும்.

அன்று அவன் காகித முயலின் காதுக்குப் பசையை அள்ளி அள்ளிப் பூசினான். மெல்லிய தாள் ஊறிப்போய், சுருங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "முயலுக்குத் தூக்கம் வருது" என்றான். நீ அவன் பக்கத்தில் குனிந்து, "அப்போ மெதுவா பேசலாம்" என்றாய். அதற்குள் வாசலில் அம்மாக்கள் வந்து நின்றுவிட்டார்கள். நான் அந்தக் காதைப் பிய்த்துவிட்டு, முன்பே வெட்டி வைத்திருந்த விறைப்பான காதை ஒட்டிக் கொடுத்தேன். பத்து விநாடி வேலை. அவன் அழவில்லை. முயலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். நீ ஈரக் காதை எடுத்து உன் நோட்டுக்குள் வைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்புதான் அக்கா. ஆனால் பன்னிரண்டு குழந்தைகள், ஆறு கத்தரிக்கோல். "என் பிள்ளையுடையது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கும் முகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான். முந்தின இரவு உட்கார்ந்து இருபத்து நாலு காது வெட்டியதும் நான்தான். நீ காலையில் வந்து தரையில் உட்காருவாய், எல்லாக் குழந்தையும் உன் மடிக்கு ஓடும். அது எனக்கு வலித்தது.

ஏ-4 தாளில் சதுரம் எடுத்தால் 87 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சுமே, நான் அதைக் குப்பையில் போடுவேன். நீ அதை நீளவாக்கில் வெட்டி, விசிறி மாதிரி மடித்துப் பாம்பாக்குவாய். சதுரத்தை முக்கோணமாக மடித்து இரண்டு முனைகளையும் கீழே இறக்கினால் நாய், மேலே ஏற்றினால் பூனை. "கத்தரிக்கோலைத் திருப்பாதே கண்ணு, தாளைத் திருப்பு." இன்றும் உன் குரலில்தான் அதைச் சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஜப்பானின் ஓரிகாமி (தாள் மடிப்பு) கலைஞர் அகிரா யோஷிசாவா (1911-2005) தடித்த தாளை வேண்டுமென்றே லேசாக ஈரப்படுத்தி மடிப்பாராம். ஈரத்தில் தாள் வளைந்து கொடுக்கும், காய்ந்ததும் அந்த வளைவு அப்படியே நிற்கும். அவருடைய விலங்குகளுக்கு முதுகும் வயிறும் வந்தது அப்படித்தான். போன மாதம் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது உனக்கு அன்றே தெரியுமா? தெரிந்திருந்தால் சொல்லியிருக்கலாமே? வாயைத் திறக்காமல் போய்விட்டால் எனக்கு எப்படிப் புரியும்?

சரி. இனி மாதிரி கிடையாது, வெட்டி வைத்த காதும் கிடையாது. முயலைப் பற்றிப் பேசுவோம், தாளையும் பசையையும் நடுவில் வைப்பேன், அவ்வளவுதான். இன்று ஒருத்தி முயலுக்கு மூன்று கண் ஒட்டினாள். என் கை துறுதுறுத்தது. தொடவில்லை. மூன்றாவது கண் பின்னால் பார்ப்பதற்காம்.

அந்தக் காது இன்னும் உன் நோட்டில் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு வா. தொலைந்திருந்தாலும் சனிக்கிழமை வா.