எம்கே, கேஹெச் என்றால் அம்மா

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு என் பாட்டுத் தளத்தில் கடைசிப் பாட்டும் ஏறிவிட்டது. தாலாட்டு 61, ஒப்பாரி 82. ஆக 143. தூங்கி எழுந்து நிதானமாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆறப்போட்டால் பழையபடி டீச்சர் மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவேன், அதனால் இப்போதே.

தளத்தோடு பாட்டெல்லாம் தொலைந்துபோன ஆனி மாதத்துக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு என் அழுகையைப் போனில் கேட்டவர்கள். மீதிப் பேருக்குக் கேட்டவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அது முடிந்து, டி.டி.பி. கடை அண்ணாச்சியின் பழைய சி.டி.யிலிருந்து பாட்டெல்லாம் மீண்டு வந்தபோது, அண்ணன் மகன் இரண்டே நாளில் தளத்தை மறுபடி நிறுத்திக் கொடுத்தான். கருப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மேலே இடமிருந்து வலமாக ஓடும் ‘வருக வருக’. எனக்கு அது மீனாட்சி கல்யாணம் மாதிரி இருந்தது. நாற்பது பேருக்கு அனுப்பி, பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள் என்று கேட்டேன். முப்பத்தைந்து பேர் ‘சூப்பர் டீச்சர்’ என்று கைகூப்பும் படம் அனுப்பினார்கள். குறை சொல்லக் கேட்டால் நம் ஊரில் யார் சொல்வார்கள்? சாப்பாடு எப்படி என்று கேட்டால் இலையைப் பார்த்துக்கொண்டே ‘பிரமாதம்’ என்பவர்கள்தானே நாம்.

அன்று ராத்திரி தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நான்கு நிமிஷம். திறந்தால் மனுஷக் குரல் இல்லை, இயந்திரக் குரல். “முகப்பு. தாலாட்டு. ஒப்பாரி. தொடர்புக்கு.” அது வரைக்கும் தெளிவு. பிறகு “படம், ஐஎம்ஜி அடிக்கோடு 2041.” அப்புறம்தான் தொடங்கியது: “எம்கே... கேஹெச்... ஜேகேபிஓ...” நிறுத்தாமல், மூச்சு விடாமல், மூன்று நிமிஷத்துக்கு மேல். ஏதோ வைரஸ் என்று நினைத்துவிட்டேன். முடிவில் ஒரு தம்பியின் குரல்: “டீச்சர், எனக்குப் பார்வை கிடையாது. போன்தான் படிச்சுக் காட்டும். உங்க பக்கம் எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு. தாலாட்டுன்னு போட்டிருக்கு, அதுல அம்மாங்கிற சொல் எங்கயாச்சும் வருதா?”

வருகிறதாவா? முதல் வரியிலேயே வருகிறது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ‘அ’வுக்கு எம், ‘ம’வுக்கு கே, புள்ளிக்கு அரைப்புள்ளி, துணைக்காலுக்கு ஹெச். கண்ணுக்குத் தெரிவது ‘அம்மா’. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துக் குவியல். அண்ணாச்சி கடையில் அந்தக் காலத்தில் எல்லாமே பாமினிதான். எங்கள் பையன் அந்த எழுத்துருவையே தளத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் எல்லோருக்கும் அழகான தமிழாகவே தெரிந்திருக்கிறது. தேடினால் என் பாட்டு ஒன்றுகூட ஏன் அகப்படவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான் கூகுளைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. அதன் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் வந்தாயிற்று. என் பாட்டுகள்தான் முப்பது வருஷத்துக்கு மேல் வாசலிலேயே நின்றிருக்கின்றன.

அந்தத் தம்பி குறை சொல்லவில்லை, யோசனை சொல்லவில்லை. ‘இது தப்பு’ என்றுகூடச் சொல்லவில்லை. தன் போனுக்குப் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து, தான் கேட்டதை அப்படியே நான் கேட்கும்படி செய்தார். அதற்காக அந்த நாலு நிமிஷத்தையும் அவரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வகுப்பில் முப்பத்தொரு வருஷம் சிவப்பு மையோடு உட்கார்ந்தவள் நான். ஒரு பிள்ளை எழுதியதை அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்ட எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போடவில்லை தம்பி. இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

மறுநாளே என்.வி.டி.ஏ.வை இறக்கிக்கொண்டேன். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய திரைவாசிப்பான் அது. காசு கிடையாது, தமிழும் படிக்கும். திரையை அணைத்துவிட்டு என் தளத்தை நானே கேட்டேன். ‘வருக வருக’வை அன்றைக்கே தூக்கினேன்.

மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கும்பிடு. பாமினியை யூனிகோடாக மாற்றிக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர்: மாற்றி முடித்ததும் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் ‘இ’ ஆகி, ‘அத்தைஇ மாமன்இ’ என்று இளித்துக்கொண்டு நின்றதே, அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கியவர்கள் அவர்கள்தான், நாற்றங்காலில் களை எடுப்பது மாதிரி. அச்சகத்துப் பெரியவர், “வரியை ரெண்டு பக்கமும் ஒட்ட இழுக்காதம்மா, தமிழ்ச் சொல் நீளம், போன்ல நடுவுல வாய்க்கால் விழும்” என்றார். இழுக்கவில்லை ஐயா. யாழ்ப்பாணத்து அக்கா என் படங்கள் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது என்றார். ஆறு எம்.பி. படங்களைச் சுருக்கியாயிற்று, ஒவ்வொன்றுக்கும் என்ன படம் என்று ஒரு வரியும் எழுதியாயிற்று. ஐஎம்ஜி 2041 இப்போது ‘களத்துமேட்டில் தூளி கட்டும் பெண்.’

தளத்தை எந்த மென்பொருளில் கட்டுவது என்று வேர்ட்பிரஸ் கட்சியும் ஹ்யூகோ கட்சியும் என்னை நடுவில் வைத்து மூன்று நாள் பட்டிமன்றம் நடத்தினீர்கள். வேர்ட்பிரஸ் சுலபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாட்டெல்லாம் தரவுதளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனி மாதத்துக்குப் பிறகு, என் கையால் திறந்து பார்க்க முடியாத எதையும் எனக்கு நம்ப முடியவில்லை. ஹ்யூகோவில் ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு, வெறும் எழுத்து, நோட்பேடில் திறக்கும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதற்குத்தான் பயந்தேன். இரண்டு வரிதான், காலண்டர் அட்டையில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருக்கிறேன். தளத்தை வைக்க கிட்ஹப் பேஜஸில் இடம் சும்மாவே கிடைத்தது. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். மொத்தப் பாட்டும் பென்டிரைவ் ஒன்றில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில்.

இனி எந்தப் பக்கத்தையும் திரையை அணைத்து ஒருமுறை காதால் கேட்காமல் ஏற்ற மாட்டேன். இது அந்தத் தம்பிக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்று காலை அவரிடமிருந்து இன்னொரு பதிவு வந்தது. முதலில் அதே இயந்திரக் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் அறிவிப்பு மாதிரி ‘ஆராரோ ஆரிரரோ’ என்றது. சிரித்துவிட்டேன், பின்னாலேயே அழுகையும் வந்தது. பிறகு அவர் பேசினார்: “இப்ப நல்லாக் கேக்குது டீச்சர். ஆனா முப்பத்தெட்டாவது பாட்டுல ஒரு வரி விட்டுப்போச்சு. எங்க அப்பத்தா பாடும்போது மாமன் வந்தப்புறம் தொட்டில் மரத்தைப் பத்தி ஒண்ணு வரும்.”

பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பாடி அனுப்புவதாகச் சொன்னார். 38ஆம் பாட்டில் அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.