ஒரு கல்லின் விலை

ஊர்த் திருவிழா இரவில் பேருந்துக் கண்ணாடியை உடைத்த மாணவர்கள் கைதான செய்தியைப் படித்தேன். 'சின்னப் பையன்கள், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள்' என்று தேநீர்க் கடையில் எளிதாகப் பேசினார்கள். தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டப்படி, நூறு ரூபாய் சேதத்துக்கே குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு கடுங்காவல் உண்டு. பதினெட்டு நிரம்பாதவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டம் துணை நிற்கும். பதினெட்டைத் தாண்டிய கல்லூரி மாணவருக்கு அந்தக் குடை கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பையன், ஆடிப்பெருக்கன்று நண்பர்களோடு சேர்ந்து ஆற்று மதகின் விளக்கைக் கல்லெறிந்து உடைத்தான்; வழக்குப் பதிவானது. பின்னர் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தேறினான். நன்னடத்தை விசாரணையில் அந்த வழக்கு எழுந்து நின்றது. இன்று அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். (நன்றாகவே ஓட்டுகிறான், அது வேறு.) மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, திருவிழாக் காலத்துக்கு முன்பே டெல்டா கல்லூரிகளில் ஒரு மணி நேரம் இதை விளக்க வேண்டும். பேச வழக்கறிஞரோடு, வழக்கில் சிக்கி வேலை இழந்த ஒருவரையும் அழைக்கலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி