தட்டுமுட்டுச் சாமானோடு போகும் தகவல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேண்டாத சாமான்களை வீட்டுக்கே வந்து ஏற்றிச் செல்லும் எங்களைப் போன்ற நிறுவனங்களின் இணையதளத்தில் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு பக்கம் இருக்கும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் யாருக்கும் விற்க மாட்டோம் என்று எழுதியிருப்பார்கள். நல்லதுதான். ஆனால் ஓட்டுநரின் கைபேசியைப் பற்றியும் வண்டியில் ஏறும் மூட்டையைப் பற்றியும் அதில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

விலை சொல்வதற்காகச் சாமான்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். பழைய சோபாவோடு சேர்ந்து பின்னாலிருக்கும் சாவிக்கொத்தும் மருந்துச் சீட்டும் படத்தில் விழும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்ட்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். ஓட்டுநரின் கேலரியில் தானாகப் பதியும் படம் அவருடைய சொந்த கிளவுட் கணக்குக்கும் ஏறிவிடலாம். அவர் வேலையை விட்டுப் போனாலும் அது அங்கேயே கிடக்கும். முகவரி, வாசல் பூட்டின் எண், 'பத்து மணிக்கு மேல் வீட்டில் ஆள் இருக்காது' என்ற குறிப்பு மூன்றும் ஒரே செய்தியில் இருந்துவிட்டால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த மூன்றும் அன்றைய வேலைப் பட்டியலில் மட்டும் தெரிந்து, வேலை முடிந்ததும் மறைய வேண்டும். சேதம், கட்டணம் பற்றிய புகாருக்கு 30 நாள் கெடு என்றால், 31ஆம் நாள் படங்களை அழித்துவிடலாம். கணக்குக்காக பில்லை வைத்திருப்பது வேறு விஷயம்.

மூட்டைக்குள் இருப்பதுதான் பெரிய தலைவலி. கணினியில் 'டிலீட்' செய்தாலும், விரைவு ஃபார்மட் செய்தாலும் பெரும்பாலும் கோப்புகளின் அட்டவணைதான் போகிறது, உள்ளடக்கம் போவதில்லை. ஹார்டு டிஸ்க் முழுவதிலும் பழைய தரவின் மேல் வேறு தரவை ஒருமுறை எழுதினால் பொதுவாகப் போதும். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அது சரிவராது. உள்ளிருந்து அதை இயக்கும் கன்ட்ரோலர், எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய பிரதி எங்காவது மிஞ்சும். அதற்குத் தயாரிப்பாளர் தரும், முழுவதையும் அழிக்கும் 'செக்யூர் இரேஸ்' கட்டளை வேண்டும். துளை போட்டு முடித்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. துளை படாத சிப்பில் தரவு பத்திரமாக இருக்கும். அலுவலக நகல் இயந்திரங்கள் பலவற்றிலும் ஹார்டு டிஸ்க் உண்டு என்பது அதை விற்பவர்களுக்கே நினைவிருப்பதில்லை. ரிப்பன் சுருளில் ஓடும் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் இன்னும் வேடிக்கை: அச்சான பக்கங்கள் அந்தச் சுருளிலேயே வாசிக்கும்படி பதிந்திருக்கும்.

காகிதத்தை நாடா நாடாவாக வெட்டினால் பொறுமைசாலி ஒருவர் ஒட்டிச் சேர்த்துவிடுவார். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் இயந்திரம் தேவை. துணுக்கு 160 சதுர மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது ஆவணங்களை அழிப்பதற்கான ஜெர்மன் தரமான டிஐஎன் 66399-இன் பி-4 நிலை. 4 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம் என்றால் கணக்குச் சரி.

மூட்டை பிரிக்கும்போது வங்கிக் காகிதமோ டிஸ்க்கோ கைபேசியோ தட்டுப்பட்டால், பணியாளர் புரட்டிப் பார்க்காமல் தனிப்பெட்டியில் போட்டு மூடி, வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். அதுவரை எதுவும் காயலான் கடைக்குப் போகக்கூடாது. அழித்தபின் தரும் சான்றிதழில் கருவியின் வரிசை எண், அழித்த முறை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். வரிசை எண் இல்லாத சான்றிதழை எந்த டிஸ்க்குக்கும் காட்டலாம்.

இப்படிக்கு,
பழைய சாமான் அகற்றும் தொழிலில் உள்ளோர் சிலர்