பொட்டலத்தில் இருப்பது வெறும் கரித்தூள் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உளுந்து விதையில் கலக்க நம் கடை விற்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாப் பொட்டலத்தில் கரித்தூளை அடைத்து விற்கிறார்கள் என்று பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இருபது வருடமாக மன்னார்குடியில் விதை விற்கிறேன். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கறுப்பாக இருப்பது பழுப்பு நிலக்கரிப் பொடிதான், மறுக்கவில்லை. பாக்டீரியா உயிரோடு தங்க அது ஓர் இடம், அவ்வளவுதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் உளுந்துச் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. வேரில் சிறு முடிச்சு உண்டாக்கி அதற்குள் குடியேறும் ரைசோபியம்தான் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறோமே, அதன் வேரிலும் இதே வேலைதான் நடக்கிறது.

பதிவு போட்ட அண்ணன் வயலுக்கு நானே போனேன். ஒரு செடியைப் பிடுங்கி, "பாருங்க, ஒரு முடிச்சு இருக்கா?" என்றார். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினோம். நாலைந்து முடிச்சு இருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும்; நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. இவருடையதில் பாதி வெள்ளை, அதாவது வேலை செய்யாத முடிச்சு. விசாரித்தால், பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையில் அன்று சாயங்காலமே பொட்டலத்தையும் கலந்திருக்கிறார். அந்த மருந்து பாக்டீரியாவையும் கொல்லக்கூடும்; நடுவில் 24 மணி நேரமாவது விடவேண்டும். விற்கும்போதே நாங்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் விட்டுப்போனது, மன்னியுங்கள்.

இனி பொட்டலத்தோடு ஒரு சீட்டு வரும். பொட்டலத்தில் உள்ளதை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். அப்புறம், யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள்; தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சே சரியாக வைக்காது.

தை முதல் வாரம் விற்றதில் சில பொட்டலங்கள் தகரக் கொட்டகையில் இருந்தவை; சூட்டில் பாக்டீரியா செத்திருக்கலாம். மீதி வைத்திருந்தால் மாற்றித் தருகிறோம். இனி வாங்கும் பொட்டலத்தின் விலை ஐந்து ரூபாய் கூடுகிறது.

பதிவைக் கேட்ட பிறகும் கடைக்கு வந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓர் அம்மா தன் வயல் உளுந்துச் செடியை வேர் அலசி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கல்லா மேசையில் வைத்தார். வேர் முழுக்க முடிச்சு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடைக்காரர்