பேரைப் பாத்து ஜர்னலுக்கு அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹெல்த் எகனாமிக்ஸ்ல, அதாவது சுகாதாரப் பொருளாதாரத்துல, ஆராய்ச்சி பண்ற பசங்க கட்டுரைய எழுதி முடிச்சதும் மொதல்ல தேடுறது ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் தான், அத பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு. அந்த நம்பர் அந்த ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரைகள சராசரியா எத்தன தடவ மேற்கோள் காட்டிருக்காங்கன்னு தான் சொல்லும், உங்க கட்டுரைய யாரு படிப்பாங்கன்னு சொல்லாது.

1982ல ஆரம்பிச்ச ஜர்னல் ஆஃப் ஹெல்த் எகனாமிக்ஸ் பொருளாதாரக்காரங்க படிக்கிறது, அங்க தியரியும், புள்ளியியல வச்சு பொருளாதாரத்த ஆராயுற எகனாமெட்ரிக்ஸும் பலமா இருக்கணும். ஒரு மருந்து செலவுக்கு ஏத்த பலன் குடுக்குதான்னு க்வாலி (கூடுதலா கெடைக்கிற ஆயுளையும் அதோட தரத்தையும் சேத்து அளக்குற அளவு) கணக்கு போட்டிருந்தா வேல்யூ இன் ஹெல்த், ஃபார்மகோஎகனாமிக்ஸ் மாதிரி எடம் தான் சரி, அனுப்புறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கட்டுரைல என்னென்ன சொல்லணும்னு பட்டியல் போடுற, 2022ல புதுப்பிச்ச சியர்ஸ் (CHEERS) செக்லிஸ்ட்டோட 28 அம்சத்தையும் ஒவ்வொண்ணா சரி பாத்துடுங்க.

நான் ஒருதடவ டயாலிசிஸ் செலவு பத்தின கட்டுரைய ஒரு மருத்துவ ஜர்னலுக்கு அனுப்பிட்டு அஞ்சு மாசம் காத்திருந்தேன், வந்தது ரெண்டே வரி, எங்க வாசகர்களுக்கு இது பொருந்தாதுன்னு. அன்னிக்கு ராத்திரி என் ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட எடுத்து பென்சிலால டிக் போட்டு எண்ணுனேன், பாதிக்கு மேல ரெண்டே ஜர்னல்லேருந்து வந்திருந்துச்சு, அதுல ஒண்ணுக்கு தான் மொதல்லயே அனுப்பியிருக்கணும்.

மூணு நாள்ல ஏத்துக்குறோம் காசு கட்டுங்கன்னு மெயில் வந்தா தயவுசெஞ்சு நம்பாதீங்க, எகான்லிட் (பொருளாதாரக் கட்டுரைகளோட தேடல் தளம்), பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளோட தேடல் தளம்) இதுல எதுலயாவது அந்த ஜர்னல் வருதான்னு நீங்களே தேடிப் பாருங்க. உங்க கல்விப் பக்கத்துல இத பத்தி விரிவா எழுதுனீங்கன்னா நெறய பேரோட மாசக்கணக்கான உழைப்பு வீணாகாது.

இப்படிக்கு,
ஒரு ஆராய்ச்சி வழிகாட்டி