எட்டாம் பெட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காருவேன், டியூட்டிக்கு நேரமாகிவிடும். அது சாக்குதான். நீ கேட்டிருந்ததைத் தொட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வீட்டுச் சேதி. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். நர்சிங் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள், நான் வற்புறுத்தவில்லை. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

லிஃப்ட் மணி இறங்கு சுரத்தில் ஒலித்ததும் கால் நடுங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். "எல்லாம் முடிஞ்சு இத்தனை வருஷம் கழிச்சு ஏன்டீ?" என்று கேட்டிருந்தாய். கொரோனா வார்டில் சாச்சுரேஷன், அதான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்க இறங்க மானிட்டர் சத்தமும் இறங்குமே, திரும்பிப் பார்க்காமலே எந்த பெட் என்று சொல்லிவிடுவோமே! வேலையை விட்டதோடு அந்தக் காதையும் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. அது உன் காதுக்கு மட்டும் எட்டவில்லை போல. என் காதுக்கும்தான்.

ஒன்று சொல்கிறேன் கேள். 2003இல் கனடாவின் டொராண்டோவில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்ததே, அந்த நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரி ஊழியர்களையும், சார்ஸ் எட்டிப் பார்க்காத ஆஸ்பத்திரி ஊழியர்களையும் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எப்போது தெரியுமா? 13 முதல் 26 மாதம் கழித்து. அப்போதும் சார்ஸ் வார்டில் நின்றவர்களுக்குத்தான் மன உளைச்சல் அதிகம். நோயாளிகளிடம் போவதைக் குறைத்துக்கொண்டவர்கள், வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்களிடையேதான் கூடுதல். அதுவும் சில மாதங்களில் அடங்கிப்போன நோய். நமக்கோ அலைமேல் அலை. ஓடிவந்துவிட்டேன் என்று உன்னையே திட்டிக்கொள்கிறாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நிர்வாகம் இதற்கு 'பர்ன்அவுட்', அதாவது வேலை அலுப்பு, என்று பெயர் வைத்து மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தியது. மூச்சுப் பயிற்சி, அதுவும் நமக்கு! நைட் முடித்தவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து கலந்துகொள்ள வேண்டும். ஆள் போதாத வார்டில் ஆள் போடுவதைவிட அது சுலபம்.

அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் போகும். இது அலுப்பில்லையடி. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதுபோன்ற ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அறக்காயம் என்று தமிழில் சொல்லலாம். உயிர் போகும் இடத்தில், மேலே இருப்பவர்கள் கைவிட, சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் நிற்கும்போது விழும் காயம்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. எட்டாம் பெட். அவரைக் குப்புறப் படுக்க வைத்து 14 மணி நேரம் ஆகியிருந்தது. ட்யூப், மயக்க மருந்து, கண்ணிமை மேல் டேப். ஜிப் கவரில் போட்ட போனை அவர் காதோரம் பிடித்திருந்தேன். கையுறைக்குள் வியர்வை தேங்கி விரல் ஊறிக் கிடந்தது. போனில் அவர் மகள், "அப்பா கண்ணைத் தொறந்தாரா சிஸ்டர்?" என்றாள். "தொறந்தார்மா, நீங்க பேசினதைக் கேட்டார்" என்றேன். விடியுமுன் போய்விட்டார். அன்று எனக்கு ஏழு பெட். ஒருத்திக்கு ஏழு! அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றது அந்தப் பொய்யைச் சொல்லத்தான். முகம் நினைவிருக்கிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது.

இதை வெளியே சொல்லவும் பயம். நம் யூனிட் டாக்டர் ஒருவர் தூக்கமில்லாமல் தவித்தும் மனநல மருத்துவரிடம் போகவில்லை, ரெக்கார்டில் ஏறிவிடுமாம். நியூயார்க்கில் எமர்ஜென்சி மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டாரே, உதவி கேட்டால் லைசென்ஸ் போய்விடுமோ என்று அவரும் பயந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2022இல் அமெரிக்காவில் அவர் பெயரில் சட்டமே வந்தது. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

நான் போக ஆரம்பித்துவிட்டேன். போன மாதம், கவுன்சலிங். முதல் இரண்டு தடவையும் அம்மாவின் முட்டிவலியைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை எட்டாம் பெட்டைச் சொன்னேன். அந்த அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "போன் பிடிச்ச கை எது?" என்று மட்டும் கேட்டார். வலது கை என்றேன். பிறகு வெகுநேரம் அழுதேன்.

நீயும் ஒரு தடவை போய்ப் பாரேன். தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல், லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். இன்று நைட். காலை ஏழரைக்கு வெளியே வந்துவிடுவேன், போன் பண்ணு.

உன் பழைய ரூம்மேட்